வாசலில் ஸ்டேஷன், வண்டி நிற்காது

எனக்கு வரன் தேடியபோது என் அப்பா மாப்பிள்ளையை அவ்வளவாகப் பார்க்கவில்லை. ஸ்டேஷனைத்தான் பார்த்தார்.

கடலூரில் ஒரு அலுவலகத்தில் எனக்குக் கணக்கு எழுதும் வேலை கிடைத்த புதிது. கல்யாணமானாலும் வேலையை விடக் கூடாது என்பதில் அப்பா உறுதியாக இருந்தார். காடாம்புலியூர் பக்கமிருந்து முந்திரித் தோப்பும் பலா மரங்களுமாக வசதியான வரன் ஒன்று வந்தது. "அங்கேருந்து தெனமும் பஸ்சு மாறி மாறிப் போவணும். பொண்ணு ஓஞ்சி பூடும்" என்று வேண்டாமென்றுவிட்டார். அடுத்து வந்தது இது. சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவில், தண்டவாளத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். மாப்பிள்ளை தண்ணீர் மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். தூரத்துச் சொந்தம், எனக்கு மாமா முறை. எங்கள் ஊர் கீரப்பாளையத்துக்கு வந்து அவர்கள் என்னைப் பார்த்துவிட்டுப் போன மறுவாரம் அப்பா அவர்கள் வீட்டைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"வாசப்படி எறங்குனா பிளாட்பாரம். பல்லு வெளக்கிக்கினே வண்டி வருதான்னு பாக்கலாம். இதுக்கு மேல இன்னா வேணும் ஒனக்கு?"

மாப்பிள்ளை எப்படி என்று அம்மா கேட்டாள்.

"அவருக்கு இன்னா, நல்லாத்தான் இருக்காரு."

அப்பா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. வாசலுக்கு எதிரே ஒரு மண் பாதை, பாதையைத் தாண்டினால் பிளாட்பாரம். பிளாட்பாரம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கல் அடுக்கி மண் நிரப்பிய ஒரு மேடு. அதன் மேல் ஒற்றை அறைக் கட்டடம், அதில் டிக்கெட் கொடுக்க ஒரு சின்ன ஜன்னல், வெளியே ஒரு சிமெண்ட் பெஞ்சு, ஒரு புங்கமரம். ஸ்டேஷன் மாஸ்டர் எல்லாம் கிடையாது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கமிஷனுக்கு டிக்கெட் விற்றார். வண்டி போனதும் ஜன்னலைச் சாத்திவிட்டு ஆடு மேய்க்கப் போய்விடுவார். ஊரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது தேடிக்கொண்டு வருவார்கள். என் வீட்டுக்காரர் அவர்களை உட்காரவைத்துப் பேச ஆரம்பித்துவிடுவார். டீ போட வேண்டியது நான்.

கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் நான் அங்கே ரயில் ஏறினேன். காலையில் கடலூர் பாசஞ்சர், சாயங்காலம் அதுவே திரும்பும். கடற்கரைப் பக்கத்திலிருந்து வரும் மீன்காரப் பெண்கள் கூடைகளை அடுக்கி வைத்துவிட்டு, "ஆபீஸ் பொண்ணு, இங்க குந்து" என்று இடம் கொடுப்பார்கள். ஆபீசில் என் பக்கத்து மேசைக்காரி தினமும் மூக்கைச் சுருக்குவாள். ஆனாலும் அந்த ஒரு வருஷம் அப்பாவை நான் மனதுக்குள் வாழ்த்தாத நாள் இல்லை.

பிறகு அகலப் பாதை போடப்போகிறோம் என்று வண்டியை நிறுத்தினார்கள். "ரெண்டே வருஷம்தான். பெரிய வண்டி வரும், வேகமா போயிடலாம்" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். இரண்டு வருஷம் என்பது இழுத்துக்கொண்டே போயிற்று. நான் தண்டவாளத்தைத் தாண்டி, வயல் வழியாக நடந்து, மெயின் ரோட்டுக்குப் போய் பஸ் பிடித்துக்கொண்டிருந்தேன். பெரியவள் பிறந்தாள், சின்னவன் பிறந்தான், நான் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். ஒரு வழியாகப் புதுத் தண்டவாளத்தில் வண்டி வந்தது. ஊரே பிளாட்பாரத்தில் நின்றது. என் வீட்டுக்காரர் எஞ்சினுக்குப் போடப் பூமாலை வாங்கி வைத்திருந்தார். வண்டி வந்தது, ஊதிற்று, போய்விட்டது. மாலை அவர் கையிலேயே இருந்தது. எங்களுடையது போல ஆள் குறைவாக ஏறும் நிறுத்தங்களைப் புதுப் பாதையில் எடுத்துவிட்டார்கள் என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது. அதை முன்கூட்டி எங்களுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அன்று ஆரம்பித்தது என்னைப் பிடித்த சனி.

மற்ற ஊர்களில் ஸ்டேஷன் மூடினால் மூடியதுதான். ஜனங்கள் ரெண்டு நாள் திட்டிவிட்டு பஸ்ஸில் போவார்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான் நடந்தது, என் வீட்டைத் தவிர. என் வீட்டுக்காரர் கடைக்குப் போகுமுன் பிளாட்பாரத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். கருவேலஞ்செடி முளைத்தால் வெட்டுவார். சீட்டாடுகிறவர்களை விரட்டுவார். குடிக்க வருகிறவர்களை விரட்டப் போய் ஒரு முறை சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தார். வீட்டுக் குளியலறையில் குழாய் ஒழுகுவது அவர் கண்ணில் படாது.

அவருக்குத் துணை, தெருக்கோடியில் இருக்கும் பாய். பல வருஷம் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு, பிள்ளைகளை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டு, ஊரோடு வந்து உட்கார்ந்தவர். நல்ல மனுஷர். ஆனால் நேரம் ஜாஸ்தி. "தங்கச்சி, சிங்கப்பூர்ல ஒரு வண்டி போனா அடுத்த வண்டி தோ வந்துடும். இங்க நிக்கிற வண்டியவே நிறுத்திப்புட்டானுங்க" என்று அவர் ஆரம்பித்தால், எனக்கு அடுப்பில் ஏதாவது தீயும்.

இரண்டு பேரும் சேர்ந்து மனு போட முடிவு செய்தார்கள். மனுவை யார் தட்டச்சு செய்வது? நான்தான். ஆபீசில் நாள் முழுக்கத் தட்டிவிட்டு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, சோற்றை வடித்துவிட்டு மனு தட்ட வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. மனுவில் ஸ்டேஷனின் வரலாறு ஒரு பத்தி இருக்க வேண்டும் என்று பாய் சொன்னார். சொன்னாரா, அதோடு முடிந்தது நிம்மதி.

"எங்க பாட்டன் நெலம் குடுத்தாரு. அதனாலதான் இங்க ஸ்டேஷன் வந்துச்சி. எழுது" என்றார் என் வீட்டுக்காரர்.

"மாப்ள, அது தப்பு" என்றார் பாய். "எங்க ஆளுங்க கப்பலேறப் போவாங்க. ரங்கூனு, பினாங்கு. பொட்டி படுக்கையோட மாட்டு வண்டியில எவ்ளோ தூரம் போவாங்க? அவுங்களுக்காக வெள்ளக்காரன் கட்டுனது. எங்க வாப்பா சொல்லுவாரு."

"ஒங்க வாப்பா சொன்னா ஆச்சா? நெலம் யாருது?"

"நெலம் புறம்போக்கு."

இதில் இரண்டு பேரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. அந்த வாரம்தான் எனக்கு வீட்டில் அமைதி கிடைத்தது. பிறகு பொதுவான ஆளைக் கேட்கலாம் என்று டிக்கெட் விற்றவரிடம் போனார்கள். அவர் மூன்றாவதாக ஒன்று சொன்னார். தண்டவாளம் போட வந்த வெள்ளைக்கார எஞ்சினியருக்கு இங்கே விஷக்காய்ச்சல் வந்துவிட்டதாம். கூடாரத்தில் படுத்துக்கொண்டு, எனக்கு மருந்தும் ஐஸ்கட்டியும் வர வேண்டும், எல்லா வண்டியும் இங்கே நிற்கட்டும் என்று உத்தரவு போட்டாராம். அவர் செத்தாரா பிழைத்தாரா தெரியாது. உத்தரவை ரத்து செய்ய மட்டும் யாரும் இல்லையாம்.

எனக்கு அதுதான் நம்புகிற மாதிரி இருந்தது. அரசாங்க வேலை எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் எதை எழுதினாலும் ஒருவருக்குக் கோபம் வரும். ஆகவே, "இந்த நிலையம் ஏன் கட்டப்பட்டது என்பதில் ஊரில் ஒருமித்த கருத்து இல்லை" என்று தட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் குதித்தார்.

"ஏன் கட்டுனாங்கன்னு தெரியாத ஸ்டேஷனை எவன் தொறப்பான்? நீ நம்ம பக்கமா, அவனுங்க பக்கமா?"

"நான் பஸ்சு பக்கம் மாமா. காலையில ஏழு மணிக்கு அதத்தான் புடிக்கணும். தூங்க வுடுங்க."

கடைசியில் மூன்று காரணங்களையும் சேர்த்து எழுதி அனுப்பினோம். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. அதற்கு நன்றி சொல்லி ஒரு மனு போட்டார்கள். அதையும் நான்தான் தட்டினேன்.

வருஷங்கள் இப்படியே ஓடின. இதற்கிடையில் எல்லார் கையிலும் செல்போன் வந்து, போனுக்குள் வரைபடம் வந்தது. யார் போட்டார்களோ, அதில் எங்கள் ஸ்டேஷன் அழகாக இருந்தது. பிச்சாவரம் பார்க்க வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு என் வாசலில் வந்து நின்று, "மேடம், அடுத்த ட்ரெயின் எத்தன மணிக்கு?" என்பார்கள். இங்கே வண்டி நிற்காது, கிள்ளை ஸ்டேஷனுக்குப் போங்கள் என்றால் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனைப் பார்ப்பார்கள். போன் பொய் சொல்லாதாம், நான்தான் சொல்கிறேனாம். அப்புறம் கல்யாணத்துக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ளும் ஜோடிகள். இடிந்த ஸ்டேஷன் என்றால் படம் நன்றாக வருமாம். தண்டவாளத்தோரம் நிற்காதீர்கள் என்று கத்துவதும் நான், அந்தப் பெண்களுக்குப் புடவை மாற்ற அறையைத் திறந்து விடுவதும் நான். என் வீட்டுக்காரர் மாப்பிள்ளையை நிறுத்திவைத்து தன் பாட்டன் கொடுத்த நிலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒரு ஐப்பசியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வயலெல்லாம் வெள்ளம், காலையில் பஸ் ஓடவில்லை, நான் லீவு போட்டிருந்தேன். மத்தியானம் சாப்பிட்டுக் கொஞ்சம் படுக்கலாம் என்று கோரைப்பாயை விரித்தேன். வாசலில் இரும்பு உரசும் பெரிய சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால், தெற்கேயிருந்து வந்த எக்ஸ்பிரஸ் எங்கள் ஸ்டேஷனில் நிற்கிறது.

"நின்னுடுச்சி! வண்டி நின்னுடுச்சி!"

என் வீட்டுக்காரர் லுங்கியோடு மழையில் ஓடினார். பாதி தூரம் போனவர் திரும்பி வந்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மறுபடி ஓடினார். முன்னால் எங்கேயோ மரம் சாய்ந்து மின்கம்பி மேல் விழுந்துவிட்டது, அதைச் சரிசெய்யும்வரை வண்டி நிற்கும் என்று தெரிந்தது. எங்கள் பிளாட்பாரம் அந்தக் காலத்துச் சின்ன வண்டிக்குப் போட்டது. புது வண்டியின் படியிலிருந்து குதித்துத்தான் இறங்க வேண்டும். என் வீட்டுக்காரர் எங்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துப்போய்ப் படிக்குக் கீழே போட்டு, ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இறக்கினார். இறங்க வேண்டும் என்று நினைக்காதவர்களையும் இறக்கினார்.

இறங்கியவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது என் வீடு. குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டும் என்று ஒருத்தி. போனுக்கு சார்ஜ் போட வேண்டும் என்று காலேஜ் பிள்ளைகள் கூட்டமாக. சேற்றுக் காலோடு கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். வீட்டிலிருந்த ரவை அத்தனையும் கிண்டி உப்புமா ஆக்கினேன். பாயின் மனைவி பெரிய குண்டான் நிறைய டீ கொண்டுவந்தார். அவருக்கும் என்னைப் போலத்தான், முகத்தில் கடுகடுப்பு. "ஒங்க ஆளு மைக்கு கேட்டாருன்னு எங்க ஆளு தேடிக்கிட்டு இருக்காரு" என்று சொல்லிவிட்டு டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தார். நல்ல வேளை, மைக்கு கிடைக்கவில்லை. மைக்கு இல்லாமலே பேசினார்கள். டிக்கெட் ஜன்னலைக் காட்டி, பெஞ்சைக் காட்டி, நிலம் கொடுத்த பாட்டனையும் கப்பலேறிய ஜனங்களையும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். ஜனங்கள் உப்புமாவைச் சாப்பிட்டுக்கொண்டு தலையாட்டினார்கள்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் வெளியே பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார். "வாசல்லயே ஸ்டேஷன். ஒங்களுக்கு எவ்வளவு வசதி!"

கையில் கரண்டி இருந்தது. சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

சாயங்காலம் ஆவதற்குள் வண்டி திடீரென்று ஊதியது. எல்லாரும் தட்டைப் போட்டது போட்டபடி ஓடினார்கள். நாற்காலி மேல் ஏறி, ஒருவரை ஒருவர் தள்ளி, எப்படியோ ஏறிவிட்டார்கள். வண்டி நகர்ந்தது. என் வீட்டுக்காரர் கையசைத்தார். கடைசிப் பெட்டி கண்ணுக்கு மறைந்ததும் நான் தரையைத் துடைக்கத் துணி எடுத்தேன். அப்போது எங்கள் குளியலறைக் கதவு திறந்தது. ஒரு பெரியவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்தார்.

"என்னம்மா சத்தத்தையே காணும், எல்லாம் எங்க போயிட்டாங்க?"

கும்பகோணம் பக்கத்துக்காரர். சென்னையில் இருக்கும் மகன் வீட்டுக்கு மனைவியோடு போகிறவர். சர்க்கரை வியாதி, அவசரம், மனைவியைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு வந்தவர் உள்ளே மாட்டிக்கொண்டார். எங்கள் குளியலறைத் தாழ்ப்பாள் மழைக்கு இறுகிக்கொள்ளும். அதைச் சரிசெய்யச் சொல்லி நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்பதை என் வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

வண்டி போய்விட்டது என்று சொன்னதும் அவர் மடியைத் தடவிப் போனைத் தேடினார். போன் மனைவியின் பையில். மனைவியின் நம்பர் ஞாபகம் இல்லை. மகனுடைய நம்பர் மட்டும் மனப்பாடமாகத் தெரிந்தது. என் போனிலிருந்து மகனுக்கு அடித்தோம். மகன் அம்மாவுக்கு அடித்தார். அடுத்த நிமிஷம் பெரியவரின் மனைவி என் போனில் வந்தார். அவர் குரலுக்குப் போனே தேவையில்லை.

"ஏங்க! எங்க இருக்கீங்க? யார் வீட்டுல இருக்கீங்க?"

"எனக்கென்ன தெரியும்? ஏதோ ஸ்டேஷன் வீடு" என்றார் பெரியவர், அழுகிற மாதிரி.

பாய் தன்னுடைய பழைய ஆம்னி வேனை எடுத்தார். தண்ணீர் நிற்கிற தண்டவாளத்தில் ரயில் மெதுவாகத்தான் போகும், கடலூரில் பிடித்துவிடலாம் என்றார். தொடர்பு என் போனில் என்பதால் நானும் ஏறினேன். என் வீட்டுக்காரரை யாரும் கூப்பிடவில்லை, அவரும் ஏறினார். பெரியவருக்குச் செருப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. என் வீட்டுக்காரரின் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். ரோட்டில் மழை கண்ணாடியை அறைந்தது. நான் பெரியவருக்கு ஒரு மிட்டாயைப் பிரித்துக் கொடுத்து, மயக்கம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தேன். அந்த அம்மாள் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு, "அவரு நடுங்குறாரா? பயந்துக்குவாரும்மா, பேச்சு குடுத்துக்கிட்டே இரு" என்றார். பேச்சுக் கொடுக்கும் வேலையை என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார்.

"அய்யா, இப்ப நீங்களே சொல்லுங்க. அங்க வண்டி நின்னாத்தான நல்லது?"

"வண்டி அங்க நின்னதாலதானப்பா எனக்கு இந்தக் கதி" என்றார் பெரியவர்.

அந்த நாளில் நான் சிரித்தது அப்போது ஒரு தடவைதான்.

கடலூரில் வண்டி நின்றுகொண்டிருந்தது. அந்த அம்மாள் பெட்டியின் வாசலில் கம்பியைப் பிடித்தபடி, பாதி உடம்பு வெளியே நீட்டி நின்றார். கணவரைப் பார்த்ததும் முதலில் திட்டினார். அவர் காலிலிருந்த செருப்பைப் பார்த்து மறுபடி திட்டினார். பிறகு இறங்கி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், வரவில்லை, அழுகைதான் வந்தது. இத்தனை நேரம் எல்லாரையும் மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்த எனக்கு அந்தக் கையை விட மனம் வரவில்லை. அந்தப் பக்கம் பார்த்தால் என் வீட்டுக்காரர் நனைந்த சட்டையோடு கார்டு பெட்டிக்கு எதிரே நின்று, எங்கள் ஊரில் நிறுத்தம் ஏன் வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். கார்டு கொடியை எடுத்து ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஒரு காலேஜ் பிள்ளை அன்று நடந்ததையெல்லாம் போனில் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தான். கிழவிகள் பிளாஸ்டிக் நாற்காலி மேல் தொங்கி இறங்குவது, ஆட்கள் தண்டவாளத்தில் நடப்பது, கட்டடக் கூரையில் தெரியும் விரிசல், எல்லாம் அதில் இருந்தது. சில வாரம் கழித்து, நல்ல வெயில் நாளில், ரயில்வே ஆட்கள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். டேப் பிடித்து அளந்தார்கள்.

என் வீட்டுக்காரர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கடைக்குப் போகவில்லை. "நான் சொல்லல? அளக்குறாங்க பாரு! உள்ள போயி பஜ்ஜி போடு." பாய் அத்தர் பூசிக்கொண்டு வந்தார். வந்தவர்கள் பஜ்ஜியைச் சாப்பிட்டார்கள். டீயும் குடித்தார்கள். பெரிய அதிகாரி கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"இந்தக் கட்டடம் விழுற நிலையில இருக்கு, இடிச்சிடுவோம். பிளாட்பாரத்தையும் எடுத்துடுவோம். ஜனங்க இந்த வழியா தண்டவாளத்தைத் தாண்டுறது ஆபத்து. ரெண்டு பக்கமும் சுவர் வருது. நீங்க ரயில்வே கேட் வழியா சுத்திப் போயிக்கணும்."

என் வீட்டுக்காரர் கையிலிருந்த பஜ்ஜித் தட்டு அப்படியே இருந்தது. எஞ்சினுக்கு மாலை வாங்கி வைத்துக்கொண்டு நின்ற அன்றுகூட அவர் முகம் இப்படி இல்லை. அந்த மனுஷனைத் திட்ட எனக்கு ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் அதை நான்தான் செய்ய வேண்டும். யாரோ ஜீப்பில் வந்து என் வீட்டு பஜ்ஜியைத் தின்றுவிட்டு அவரை இப்படி நிற்கவைப்பதா? எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், ஒரு நிமிஷம்" என்றேன். "இந்த ஸ்டேஷனை நம்பித்தான் எங்கப்பா என்னை இங்க கட்டிக் குடுத்தாரு. வண்டி நிக்காதுன்னு ஒரு வார்த்த யாரும் எங்ககிட்ட சொல்லல. மனுமேல மனு போட்டோம், ஒருத்தரும் எட்டிப் பாக்கல. ஒரு நாள் மழையில ஒங்க வண்டி ஜனங்களுக்கு நாங்க சோறு போட்டோம், வுட்டுட்டுப் போன ஆளக் கொண்டாந்து சேத்தோம். அதுக்குக் கைம்மாறா செவுரு வைக்கிறீங்களா? சரி, வையுங்க. நான் எப்படி பஸ்சுக்குப் போறது? கேட்டுக்கு எவ்ளோ தூரம் தெரியுமா? நடந்து பாத்தீங்களா? ஜீப்புலதான வந்தீங்க?"

அதிகாரி நல்லவர்தான், பாவம். தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க சொல்றது நியாயம்மா. ஆனா போன வருஷம் இதே மாதிரி ஒரு எடத்துல ஸ்கூல் போற பொண்ணு ஒண்ணு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். என் மகள் தினமும் அந்த வழியாகத்தான் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தாண்டிப் போவாள். அவர் சொன்னது சரி என்பதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

இடிக்க ஒரு முழு நாள்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரர் அன்று கடையிலேயே இருந்தார். சாயங்காலம் இடிக்கிற ஆட்களிடம் கெஞ்சி சிமெண்ட் பெஞ்சை வாங்கிவிட்டார். அதில் பாதி தனக்குச் சேர வேண்டும் என்று பாய் சொல்ல, பெஞ்சை எப்படிப் பாதியாக்குவது என்று மறுபடி ஒரு சண்டை. இப்போது அது எங்கள் வாசலில் கிடக்கிறது. ஸ்கூட்டர் வைக்க இடமில்லை. இரண்டு பேரும் அதில் உட்கார்ந்து எதிரே எழுப்பிய சுவரைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார்கள். கேட்டால், இது சமரசமாம்.

சில நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ராத்திரி வண்டி போகும்போது எழுந்து உட்கார்ந்துகொள்வார். எனக்குப் பயமாகக்கூட இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறையில் தட்டுகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாளைக் கழற்றிப் புதிது மாட்டிக்கொண்டிருந்தார். குழாயையும் மாற்றியிருந்தார். டீ போட்டுக் கொடுத்தேன்.

இப்போது காலையில் அவர்தான் என்னை ஸ்கூட்டரில் கேட் வழியாகச் சுற்றி, மெயின் ரோட்டில் பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விடுகிறார். போகிற வழியெல்லாம் பேச்சு. தண்டவாளத்துக்குக் கீழே ஒரு சுரங்கப் பாதை கேட்கப்போகிறார்களாம். பாய் சிங்கப்பூரில் பார்த்த மாதிரி விளக்கெல்லாம் போட்டு.

"மழை பேஞ்சா தண்ணி நிக்கும் மாமா. வயக்காடு இது."

"அதுக்கு மோட்டாரு வச்சிடலாம். மோட்டாரு எனக்குத் தெரியாதா?"

"மனுவை யாரு அடிக்கிறது?"

அதற்கு ஸ்கூட்டரை முறுக்குவார். நேற்று கேட் மூடியிருந்தது. எக்ஸ்பிரஸ் வருகிற நேரம். மணியைப் பார்த்து, வண்டி தாமதம் என்று அலுத்துக்கொண்டார். வண்டி வந்து கடகடவென்று போயிற்று. அது போய், கேட் தூக்கி, எதிர்ப்பக்கத்து டிராக்டர் பாதி தாண்டியும் அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற பால் வண்டிக்காரர் ஹார்ன் அடிக்க ஆரம்பித்தார்.

"மாமா, கேட்டு தொறந்து எவ்ளோ நேரமாச்சி. வண்டிய எடுங்க, பஸ்சு பூடும்."

பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். ஆபீசுக்குத் தாமதம். ஏன் தாமதம் என்று கேட்டார்கள். சொல்ல ஆரம்பித்தால் எங்கே முடிப்பது?